டெட் போர்டில் கிளாக்கைத் தேடுவது எப்படி

ஆன் ஆகாத ஒரு போன் போர்டு. பவர் பட்டனை அழுத்தினால், பேட்டரிக்குப் பதில் மாட்டிய டிசி சப்ளையில் கொஞ்சம் கரண்ட் ஏறி, ஆணி அடித்தது போல அப்படியே நிற்கிறது. உடனே சிபியு போச்சு என்று சிப் கழற்றும் ஹாட் ஏரை எடுத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை எடுத்தேன். சிபியுவைக் கழற்றி, ரீபால் செய்து (அடியில் இருக்கும் சால்டர் குண்டுகளைப் புதிதாக வைத்து), திரும்பப் போட்டு, அரை நாள் போன பிறகுதான் கிளாக் துடிப்பைத் தரும் அரிசி மணியளவு கிரிஸ்டலில் மயிரிழை விரிசல் கண்ணில் பட்டது.

கிளாக் என்பது சிப்கள் தாளம் தப்பாமல் ஓட வேண்டிய சீரான துடிப்பு, அது இல்லாமல் சிபியு கிளம்பாது. போனுக்குள் முக்கியமான கிளாக் இரண்டு. சின்னது 32.768 கிலோஹெர்ட்ஸ். அதை 2-ஆல் 15 முறை வகுத்தால் சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு. போன் தூங்கும்போது பெரிய கிளாக் நின்றுவிடும், இதுதான் விழித்திருந்து நேரத்தை எண்ணும். 2018-இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் எம்ஆர்ஐ இயந்திரத்திலிருந்து ஹீலியம் கசிந்து ஐபோன்கள் படுத்துவிட்டனவே, அங்கே மாட்டிக்கொண்டது இந்தச் சின்னதுதான், ஏனென்றால் அவற்றில் குவார்ட்ஸ் கிரிஸ்டலுக்குப் பதில் மெம்ஸ் ஆஸிலேட்டர் (சிலிக்கானில் செய்த நுண் துடிப்பான்) இருந்தது. சில குவால்காம் போர்டுகளில் இதற்குத் தனிக் கிரிஸ்டலே கிடையாது, பவர் ஐசி (போர்டுக்கு மின்சாரம் பங்கிடும் சிப்) 19.2 மெகாஹெர்ட்ஸை 586-ஆல் வகுத்துக் கொடுக்கும், ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவியில்) 32.764 தெரிந்தால் பழுது என்று நினைக்க வேண்டாம்.

பெரியது மெயின் கிளாக். மீடியாடெக்கில் 26 மெகாஹெர்ட்ஸ், குவால்காமில் 19.2 அல்லது 38.4. சிபியுவின் ஜிகாஹெர்ட்ஸ் கிளாக் போர்டில் ஓடாது, சிபியு தனக்குள்ளே பிஎல்எல் என்ற சர்க்யூட்டை வைத்துப் பெருக்கிக்கொள்கிறது. 19.2-ஐ 125-ஆல் பெருக்கினால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்.

சரி, எங்கே அளப்பது? கிரிஸ்டல் காலில் ஸ்கோப்பின் புரோப்பை (அளக்கும் முனையை) வைக்காதீர்கள். 10எக்ஸ் புரோப்புக்கே பத்து பிகோஃபாரட் அளவில் கெபாசிட்டன்ஸ் உண்டு, கிரிஸ்டலுக்கு வேண்டிய லோடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதனால் நல்லாத் துடித்துக்கொண்டிருந்த கிரிஸ்டலை நீங்களே தொட்டு நிறுத்திவிட்டு, செத்துப்போச்சு என்று மாற்றப் போவீர்கள். ஸ்கீமாட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) பஃபர் ஆகி, அதாவது துடிப்பைப் பலப்படுத்தி அனுப்பும் சர்க்யூட் வழியாக, வெளியே வரும் லைனைத் தேடிப் பிடித்து, அதில் இருக்கும் ரெசிஸ்டர் அல்லது கெபாசிட்டரில் அளந்து பாருங்கள். கிரவுண்டுக்கு நீள ஒயர் கிளிப் வேண்டாம், புரோப்போடு வரும் ஸ்பிரிங் போதும். ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில், முனை மழுங்கிய சைன் அலை போலத் தெரிந்தாலும் அது நல்ல கிளாக்தான், சதுரமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அலையே வரவில்லையா? முதலில் ஆஸிலேட்டருக்கு (கிரிஸ்டலைத் துடிக்க வைக்கும் சர்க்யூட்டுக்கு) சப்ளை வோல்டேஜ் வருகிறதா பாருங்கள், அது இல்லாமல் கிரிஸ்டலைத் திட்டிப் பயனில்லை. அப்புறம் கிரிஸ்டலை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பஃபர் இருக்கிற ஐசி. குவால்காமில் அது பெரும்பாலும் பவர் ஐசி. பழைய மீடியாடெக் போர்டுகள் பலவற்றில் 26 மெகாஹெர்ட்ஸ், ஆர்எஃப் ஐசியோடு (நெட்வொர்க் ஐசியோடு) ஒட்டிக்கொண்டிருக்கும், சிபியுவுக்கே அங்கிருந்துதான் கிளாக் போகிறது. நெட்வொர்க் ஐசி போனதற்கு போனே ஏன் ஆன் ஆகவில்லை என்று பல பேர் மண்டையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

போன் ஆன் ஆகிறது, ஆனால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது என்றால், கிளாக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது. ஜிஎஸ்எம்மில் (2ஜியில்) டவரின் அலைவரிசையோடு 0.1 பிபிஎம்முக்குள் (ஒரு பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒட்டி நிற்க வேண்டும், 900 மெகாஹெர்ட்ஸில் அது வெறும் 90 ஹெர்ட்ஸ். போன் தானாகத் திருத்திக்கொள்ளும், ஆனால் கிரிஸ்டல் ரொம்பத் தள்ளிப் போயிருந்தால் திருத்த முடியாது. சாதாரண ஸ்கோப்பின் எண்ணை நம்பி இதை முடிவு செய்யவும் முடியாது, அதே மாடல் போர்டிலிருந்து நல்ல கிரிஸ்டலைப் போட்டுப் பார்ப்பதே வழி.

வைஃபைக்குப் போகிற லைனில் கிளாக் இல்லை என்று பதறுவதற்கு முன் வைஃபை ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். வைஃபை சிப் கேட்டால்தான் அந்தப் பஃபர் திறக்கும், கேட்காதபோது பேட்டரிக்காக மூடியே இருக்கும்.