உங்கள் ஊர் வரலாற்றைச் சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

தொண்டியில் இருந்து தனுஷ்கோடி வரைக்கும், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி என்று எந்தக் கடற்கரை ஊராக இருந்தாலும் இதே வழிதான். முதலில் நாலைந்து பேர் சேருங்கள். படித்தவர்கள் மட்டும் போதாது, கடலுக்குப் போகிறவர் ஒருவரும் கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருவரும் கட்டாயம் வேண்டும். சங்கமாகப் பதிவதற்கு 1975ஆம் வருடச் சட்டப்படி ஏழு பேராவது தேவை, ஆனால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோரும் கல்வெட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். கல் காத்திருக்கும், ஆள் காத்திருக்க மாட்டார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது பத்து வயதாக இருந்தவருக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது. அதனால் முதல் வேலை, பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்வது.

செல்போனே போதும். கடற்கரையில் மட்டும் உட்காராதீர்கள், காற்று இரைச்சலில் பேச்சு கேட்காது. வீட்டின் காற்றுப் படாத பக்கமாகப் போய், அனுமதி கேட்டுவிட்டு, பெயர், ஊர், தேதியைச் சொல்லித் தொடங்குங்கள். கேள்வி சின்னதாக இருக்கட்டும். ஒரு பாட்டியிடம் "புயலைப் பத்திச் சொல்லுங்க ஆத்தா" என்றேன், இரண்டே வரியில் முடித்துவிட்டார். "அன்னைக்கு ராத்திரி என்ன சமைச்சீங்க?" என்று கேட்டதும் முக்கால் மணி நேரம் பேசினார், அடுப்பில் இருந்த சட்டி வரைக்கும் சொன்னார். கச்சான் காற்று எப்போது எழும், வாடைக் காற்றுக்கு எந்த வலை, நல்லதண்ணித் தீவுக்கு ஏன் அந்தப் பெயர், இப்படிக் கேளுங்கள். கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிக்கும் வித்தையையும் கேட்டு வையுங்கள். ஆனால் மீன் கிடைக்கும் பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, எங்கே என்பதை வெளியே போடவே கூடாது, அது அவர்கள் பிழைப்பு.

அடுத்து பழைய போட்டோ, பத்திரம், ஓலை. எதையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், அந்த வீட்டுத் திண்ணையிலேயே வைத்துப் படம் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய தாளை லேமினேஷன் செய்யச் சொல்லி யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள், ஒட்டின பிறகு பிரிக்க முடியாது.

சரி, இப்போது கல்லுக்கு வரலாம். எழுத்து தெரியவில்லை என்று கம்பியால் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் பெரிய பாவம். இருட்டின பிறகு போய், டார்ச்சை நேராக அடிக்காமல் கல்லை உரசுகிற மாதிரி பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து, பகலில் தேய்ந்துபோனதாகத் தெரிந்த எழுத்து எழும்பி வரும். நாலு பக்கமும் வெளிச்சத்தை மாற்றி நாலு படம். மைப்படி எடுப்பதை, அதாவது கல்லில் தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் பிரதி எடுப்பதை, தெரிந்தவரிடம் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்ட பிறகு செய்யுங்கள்.

அழகன்குளத்தில் ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது, பெரியபட்டினத்தில் சீனப் பானை ஓடு கிடைத்திருக்கிறது, உங்கள் ஊரிலும் கிடைக்கலாம். நீங்களாகத் தோண்டாதீர்கள். காசோ சிலையோ மண்ணில் தட்டுப்பட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிடுங்கள், 1878ஆம் வருடப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.

கடைசியாக, எடுத்ததை அன்றைக்கே இரண்டு இடத்தில் ஏற்றி, கோப்புக்கு ஊர், பேசியவர், தேதி என்று பெயர் வையுங்கள். பேசியவர் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள், பேரப்பிள்ளைகள் கேட்கட்டும்.