ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது அளவு ஏன் மாறக்கூடாது?

வயிற்றுப்போக்கு கண்டவருக்கு ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு, சர்க்கரைப் பொடி) கலக்கும் முன், பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் தண்ணீர் அளவைப் படித்துவிடுங்கள். ஒரு லிட்டருக்கான பொடியை ஒரு தம்ளர் நீரில் கரைப்பதும், குழந்தை குடிக்கவில்லையே என்று சர்க்கரையைக் கூட்டுவதும் நோயை மோசமாக்கும்.

காரணம் சிறுகுடல் செல்களின் சவ்வில் இருக்கிறது. அதன் கொழுப்பு அடுக்கைச் சோடியம் அயனியும் குளுக்கோஸும் தாமாகக் கடக்க முடியாது. எஸ்.ஜி.எல்.டி.1 என்னும் புரதம், சவ்வை 14 முறை குறுக்கே கடக்கும் சுருள்களாக மடிந்து, கொழுப்பைத் தொடும் புறத்தில் நீரோடு ஒட்டாத அமினோ அமிலங்களையும் நடுவே ஒரு வழியையும் கொண்டு அங்கே பதிந்திருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸும் பொருந்தியதும் அது வடிவம் மாறி, குடல் பக்கம் மூடி, செல்லின் உட்பக்கம் திறக்கிறது. அவற்றைத் தொடர்ந்து தண்ணீரும் உள்ளே போகிறது. காலரா நச்சுகூட இப்புரதத்தை முடக்குவதில்லை என்பது மனித குலத்துக்குக் கிடைத்த பெரும் பேறு என்றே சொல்வேன்.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கலவையில் லிட்டருக்குச் சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் கொண்டு பொருளை அளக்கும் அலகு) உள்ளன. சர்க்கரை மிகுந்தால், உறிஞ்சப்படாமல் எஞ்சியது உடலின் நீரைக் குடலுக்குள் இழுக்கும். உப்பு மிகுந்தால் இரத்தத்தில் சோடியம் ஏறும்.

பொட்டலம் கிடைக்காதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிடுங்கள்.