கல்பாசியிலிருந்து மரப்பட்டைக்கு: லைக்கன்கள்மீது இணையவழி ஆர்வம் வளர்ப்பது எப்படி?

சிங்கப்பூர்த் தமிழர்களிடையே லைக்கன்களைப் பற்றி இணையத்தில் பேச விரும்புவோர், முதல் பதிவைச் சமையலறையில் தொடங்குவதே நல்லது. செட்டிநாட்டுக் குழம்புக்கு மணம் கூட்டும் கல்பாசி, தேக்கா மளிகைக் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் ஒரு லைக்கன். ஒரு பூஞ்சையும் அதற்குள் வாழ்ந்து உணவு தயாரிக்கும் பாசியும் சேர்ந்த கூட்டுயிர் அது என்பதை, உள்ளங்கையில் வைத்த கல்பாசியின் படத்தோடு இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம்.

அடுத்த பதிவு, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் அருகே நிற்கும் தூங்குமூஞ்சி மரத்திற்கு வாசகரை அழைத்துச் செல்லட்டும். இதற்குக் குறுங்காணொளியே சிறந்த வடிவம். பல நாள் மழையின்றிக் காய்ந்த லைக்கன்மீது சிறிது தண்ணீரைத் தெளித்துக் கைப்பேசியை அசைக்காமல் படம் பிடியுங்கள். ஈரம் பட்டதும் சாம்பல் நிற மேல்தோல் ஒளியை உள்ளே விடத் தொடங்குவதால், அடியிலுள்ள பாசியின் பச்சை நிறம் சில நொடிகளில் மேலெழுந்து தெரியும். எந்த விளக்கவுரையும் இதற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே பின்னணி இசையையும் அலங்கார எழுத்துகளையும் தவிர்த்துவிடுங்கள்.

இவ்வாறான பதிவுகளுக்கு, "மரத்திற்கு நோயா?" என்ற கேள்வி வருவது இயல்பு. லைக்கன் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, பட்டையை இருப்பிடமாக மட்டுமே கொள்கிறது என்ற பதிலை முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள்.

காற்றின் தூய்மையைப் பற்றிப் பேசும்போது மிகுந்த கவனம் தேவை. பாரிஸ் நகரின் பிற பகுதிகளில் காணப்படாத லைக்கன்கள் லக்சம்பர்க் பூங்காவில் வளர்வதைக் கண்ட ஃபின்லாந்துத் தாவரவியலாளர் வில்லியம் நைலாண்டர், அவற்றைக் காற்றின் தரத்தோடு தொடர்புபடுத்தி 1866ஆம் ஆண்டிலேயே எழுதினார். கந்தக டைஆக்சைடு பல இனங்களை அழித்துவிடும் என்பதும் உண்மையே. ஆயினும் மாசைத் தாங்கி வளரும் இனங்களும் இருப்பதால், "லைக்கன் இருக்கிறது, எனவே காற்று சுத்தம்" என்று எழுதுவது வாசகரைத் தவறாக வழிநடத்தும்; எந்தெந்த இனங்கள் இருக்கின்றன, எவை இல்லை என்பதே பொருள் தரும் செய்தி.

வாசகர்களையும் படமெடுக்கத் தூண்டுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தைப் பிடித்து, முழு மரத்தையும் லைக்கனின் அண்மைத் தோற்றத்தையும் தனித்தனியே எடுத்து, உயிரினப் படங்களைப் பகிர்ந்து அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் இடக்குறிப்புடன் பதிவேற்றச் சொல்லுங்கள். பல லைக்கன்களை நுண்ணோக்கியும் வேதிச் சோதனையும் இன்றி இன அளவில் அடையாளம் காண முடியாது; எனவே நெருங்கிய இனங்களின் தொகுதியைக் குறிக்கும் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வது குறையாகாது. ஏப்ரல் இறுதியில் நடைபெறும், நகரவாசிகள் தம் நகரின் உயிரினங்களைப் படமெடுத்துப் பதிவு செய்யும் சிட்டி நேச்சர் சேலஞ்ச் இதற்கு ஏற்ற தருணம். தமிழ்மொழி விழா நடக்கும் மாதமும் அதுவே என்பதால், தமிழ் விளக்கங்களோடு வரும் படங்களுக்குக் கூடுதல் கவனம் கிடைக்கக்கூடும்.

பூமலையிலோ புக்கிட் தீமா வனப்பகுதியிலோ எடுத்த படமாக இருந்தால், லைக்கனைச் சுரண்டியோ பிய்த்தோ எடுக்கக் கூடாது என்ற வரியைப் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள். கல்பாசியை முன்வைத்துத் தொடங்கியவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு: லைக்கன்கள் காற்றிலுள்ள உலோகத் துகள்களைத் தம்முள் சேர்த்துக்கொள்பவை, ஆகவே சாலையோர மரங்களில் வளர்வதைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம் என்பதை முதல் பதிவிலேயே தெளிவாக எழுத வேண்டும்.