கங்காருவுக்குக் கேரட் கொடுக்காதீர்கள்: குவீன்ஸ்லாந்து கடலோரத்தில் வேன் பயணிகள் செய்யும் தவறுகள்

பிரிஸ்பேனிலிருந்து கெய்ன்ஸ் வரை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். படுக்கையும் சமையலறையும் உள்ள கேம்பர்வேனை வாடகைக்கு எடுப்பவர்கள் இந்தத் தூரத்தை விடுமுறை நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் வண்டி இடப்புறம்தான் ஓடுகிறது. நம்மவர்களுக்கு ஸ்டியரிங் பக்கம் மாறிய தடுமாற்றமும் இல்லை. அந்தத் தெம்பில் போடும் கணக்கில் சூரியன் விட்டுப்போகிறது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். கடலில் ஜெல்லிமீன் பயம் குறைவு, வெயிலும் இதம் என்பதால் வடக்கு குவீன்ஸ்லாந்துக்குக் கூட்டம் சேர்வது அப்போதுதான். ஆனால் ஜூன் மாதத்தில் பிரிஸ்பேனில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். காலையில் சமைத்து, படுக்கையை மடித்து, கழிவுத் தொட்டியைக் காலிசெய்து கிளம்பவே பத்து மணி ஆகும். வழியில் ஒரு கடற்கரை, மதிய உணவு, பெட்ரோல். நாலரை மணிக்குப் பார்த்தால் இன்னும் 120 கிலோமீட்டர் பாக்கி இருக்கும். கங்காருவும் அதன் சிறிய உறவான வாலபியும் மேய்ச்சலுக்குக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். தார்ச் சாலையில் விழும் மழைநீர் ஓரத்தில் வழிந்து தேங்குவதால் அங்கே புல் பசுமையாக இருக்கும். அவற்றுக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே நாலு மணிக்கெல்லாம் தங்குமிடத்துக்குள் வண்டி நுழைந்துவிடும்படி நாளைத் திட்டமிடுங்கள். விடியற்காலைப் பயணமும் இதே ஆபத்துதான். நன்றாக வெளிச்சம் வந்தபிறகு கிளம்பினால் போதும். ஊர் எல்லைக்கு வெளியே இரவில் ஓட்டி விலங்கின் மீது மோதினால் காப்பீடு செல்லாது என்ற விதி பல வாடகை ஒப்பந்தங்களில் இருக்கிறது. சாவி வாங்கும் அவசரத்தில் யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

குறுக்கே ஏதாவது பாய்ந்தால் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்புவது எல்லாரும் செய்யும் தவறு. கேம்பர்வேன் உயரமான வண்டி. அடுப்பும் தண்ணீரும் பெட்டிகளும் சுமந்து செல்வது. வெட்டித் திருப்பினால் கவிழலாம், மரத்தில் மோதலாம், எதிர்வரும் லாரியின் பாதையில் போய் நிற்கலாம். நேர்கோட்டிலேயே பிரேக்கை அழுத்துவதுதான் சரி. கேட்க ஈவிரக்கமற்றதாக இருக்கும். ஆனால் வண்டிக்குள் இருப்பவர்களின் உயிர் முதலில். ஒரு கங்காரு கடந்துவிட்டதென்று உடனே வேகத்தைக் கூட்டாதீர்கள், பின்னால் இன்னொன்று வரக்கூடும்.

அடித்துவிட்டு அப்படியே போய்விடுவது அடுத்த தவறு. பாதுகாப்பாக ஓரங்கட்ட முடிந்தால் நிறுத்துங்கள். தாய் செத்திருந்தாலும் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கலாம். அது முலைக்காம்பைக் கவ்வியிருந்தால் பிடித்து இழுக்கக் கூடாது; அதன் வாய் கிழிந்துபோகும். குவீன்ஸ்லாந்தில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வின் எண் 1300 264 625. நியூ சவுத் வேல்ஸில் வனவிலங்கு மீட்பு அமைப்பான வயர்ஸின் எண் 1300 094 737. என்ன செய்வதென்று தொலைபேசியிலேயே வழிகாட்டுவார்கள்.

நேரத் தவறுகளைவிட எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது பிரியத்தால் செய்யும் தவறுகள். வாயில்லாச் சீவனுக்கு ஒரு வாய் கொடுப்பது புண்ணியம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினம். சிட்னிக்கு வடக்கே மோரிசெட்டில் மருத்துவமனை வளாகம் ஒன்றின் புல்வெளியில் கங்காருக்கள் மேய்கின்றன. பயணிகள் அவற்றுக்குக் கேரட்டும் சிப்ஸும் கொடுத்துப் பழக்கினார்கள். கை நீட்டினால் தீனி என்று பழகிய விலங்கு, வெறுங்கையைக் கண்டால் சும்மா இருக்குமா? 2018-இல் அவை பயணிகளை உதைத்துக் கீறிய செய்திகள் உலகெங்கும் வெளியாயின. ரொட்டி தின்னும் கங்காருக்களுக்குத் தாடை அழுகும் நோய் வரும் அபாயமும் உண்டு.

கெய்ன்ஸுக்குத் தெற்கே மிஷன் பீச், எட்டி பே பக்கம் காசோவரியைப் பார்க்கலாம். ஆளுயரம் நிற்கும், பறக்காத மழைக்காட்டுப் பறவை. நீலக் கழுத்து, தலையில் கொம்பு போன்ற கொண்டை. பெட்டைப் பறவை 60 கிலோவுக்கு மேலும் எடை வைக்கும். மழைக்காட்டில் சில மரங்களின் பெரிய பழங்களை முழுதாக விழுங்கி விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவது இந்தப் பறவைதான். வேன் ஜன்னல் வழியாக யாரோ ஒருவர் வாழைப்பழம் நீட்டினால், மறுநாள் முதல் எந்த வண்டியின் சத்தம் கேட்டாலும் அது சாலைக்கு வரும். காசோவரிகள் சாவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று வாகனங்கள். தீனி கொடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. எதிரே வந்துவிட்டால் முதுகைக் காட்டி ஓடாதீர்கள். பையை முன்னால் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். அதன் உள்விரல் நகம் கத்தி மாதிரி. 12 சென்டிமீட்டர் வரை வளரும்.

"மங்க்கி மியாவில் டால்பினுக்கு மீன் கொடுக்கிறார்களே?" என்று சிலர் கேட்பார்கள். மேற்குக் கரையில் இருக்கும் அந்த இடத்தில் வனக்காவலர்கள், தேர்ந்தெடுத்த சில பெண் டால்பின்களுக்கு மட்டும், அளந்து, காலை வேளையில் கொடுக்கிறார்கள். முன்பு கட்டுப்பாடில்லாமல் கொடுத்த காலத்தில், தீனி வாங்கிய தாய்களின் குட்டிகள் அதிகமாகச் செத்தன. அதன்பிறகுதான் இத்தனை கெடுபிடி.

2023 முதல் பழங்குடிப் பெயரான கரி என்றே அதிகாரபூர்வமாக அழைக்கப்படும் ஃபிரேசர் தீவில் டிங்கோ என்ற காட்டு நாய்கள் உண்டு. உணவை வெளியே விட்டுவைக்காமல் பூட்டி வைக்க வேண்டும். குழந்தைகளைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டிங்கோவைக் கண்டு ஓடக் கூடாது. மனிதரிடம் பயம் விட்டுப்போன டிங்கோ கடிக்கத் தொடங்கினால், கடைசியில் கொல்லப்படுவது அதுதான். சாதாரண கேம்பர்வேனை அந்தத் தீவுக்குக் கொண்டுபோகவே முடியாது. முழுக்க மணல் தடம், நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மட்டும்.

கிளாட்ஸ்டன் வட்டாரத்திலிருந்து வடக்கே முதலை நாடு. எச்சரிக்கைப் பலகை இல்லையென்றால் முதலையும் இல்லை என்று நினைப்பது அங்கே உயிரைப் பறிக்கக்கூடிய தவறு. உவர்நீர் முதலை ஆற்று முகத்துவாரத்தில் மட்டுமன்றி ஓடையிலும் கடற்கரையிலும் இருக்கும். நீர்விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். கூடாரம் போட்டால் 50 மீட்டர் தள்ளி. ஆற்றங்கரையில் உட்கார்ந்து பாத்திரம் கழுவும் ஆசை வேண்டாம். மீனைச் சுத்தம் செய்த குடலைக் கரையில் வீசுவதும், தினமும் ஒரே இடத்தில் தண்ணீர் மொள்ளுவதும் முதலையை வரவழைக்கும் வேலைகள்.

நவம்பர் முதல் மே வரை வடக்கே கடலில் இறங்கினால் உடல் முழுக்க மூடும் உடை அவசியம். பெட்டி ஜெல்லிமீன் தீண்டினால் குறைந்தது 30 விநாடி வினிகர் ஊற்றிவிட்டு அவசர உதவி எண்ணான 000-ஐ அழையுங்கள். சமையலறையில் இருக்கும் வினிகர் பாட்டிலைத் தீர்த்துவிடாதீர்கள்.

பண்டபெர்க் அருகே மோன் ரெப்போ கடற்கரையில் பெருந்தலைக் கடலாமைகள் கோடையில் முட்டையிட வருகின்றன. ஜனவரியிலிருந்து குஞ்சுகள் வெளிவரும். வேனின் முகப்பு விளக்கும் டார்ச்சும் கடலின் மெல்லிய ஒளியைத் தேடும் குஞ்சுகளைத் திசைதிருப்பிவிடும். அந்தப் பருவத்தில் இரவில் அந்தக் கடற்கரையில் நாமாக நுழையக் கூடாது. வழிகாட்டியோடு செல்லும் குழுவில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நூசா போன்ற ஊர்களில் தெருவோரம் வேனில் படுத்தால் அபராதம் விழும். தேசியப் பூங்கா முகாம்களுக்கு இணையத்தில் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும்.

வரைபடத்தில் கெய்ன்ஸுக்கு வடக்கே இருக்கும் கேப் டிரிபுலேஷனுக்கு மேலேயும் கடலோரமாக ஒரு கோடு போகும். அந்த புளூம்ஃபீல்ட் தடம் வாடகை வேனுக்கு ஆகாது. செங்குத்தான மண் பாதை, நடுவே ஓடைகள். அதற்கும் வடக்கே உள்ள குக்டவுன் ஊரைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் திரும்பி வந்து உள்நாட்டு வழியான மல்லிகன் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். அது கடைசி வரை தார் போட்ட சாலை.