குளியலறைத் தண்ணீர் மெதுவாக இறங்கினால்: ஆசிட் ஊற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

குளித்து முடிப்பதற்குள் பாதம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் தேங்கினால், திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் முதலில் தேடப்படுவது ஆசிட் பாட்டில்தான். இந்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது, எதனால் ஆனது என்ற இரண்டும் தெரியாமல் ஊற்றும் எந்தத் திரவமும் பெரும்பாலும் வீணாகும்; சில வேளைகளில் தரையையும் கெடுக்கும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் குளியலறை அடைப்பை ஆளை அழைக்காமல் சரிசெய்த பிறகு, அந்த வேலையின் வரிசையை இங்கே எழுதுகிறேன். ஜாலி (தரைத் துவாரத்தின் மேலுள்ள சல்லடை மூடி), நானி டிராப் (அதன் கீழே தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுப் பகுதி), சேம்பர் (வீட்டுக்கு வெளியே கழிவுநீர்க் குழாய் வந்து சேரும் மூடியிட்ட தொட்டி) ஆகியவை உங்கள் வீட்டில் எங்கே இருக்கின்றன என்பதை அறிந்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டே தொடர்கிறேன்.

முதலில் அடைப்புத்தானா என்று பாருங்கள்

தண்ணீர் ஒரு மூலையில் தேங்கி நிற்கும்போது ஜாலியைச் சுற்றி ஈரம் மட்டுமே இருந்தால், கோளாறு குழாயில் இல்லை. தரையின் வாட்டம் சரியில்லை. அதற்குக் கொத்தனார் வேண்டும். ஜாலியின் மேலேயே தண்ணீர் நின்று, சிறிது சிறிதாகக் குறைந்தால்தான் அது அடைப்பு.

அடைப்பு என்று உறுதியானதும் வீட்டுக்கு வெளியே சென்று சேம்பர் மூடியைத் திறந்து வையுங்கள். உள்ளே ஒருவரை ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றச் சொல்லிவிட்டு, சேம்பரில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். சேம்பர் ஏறக்குறைய காலியாக இருந்து, குழாய் வாயில் தண்ணீர் நூல்போல மட்டும் வடிந்தால், அடைப்பு ஜாலிக்கும் சேம்பருக்கும் இடையே இருக்கிறது. அது நீங்களே எடுக்கக்கூடியது. சேம்பரே நிரம்பி நின்றால், அடைப்பு அதற்கு அப்பால் இருக்கிறது. குளியலறையில் நீங்கள் எதைச் செய்தாலும் பயன் இல்லை. சமையலறைத் தொட்டியும் மெதுவாக இறங்குகிறதா, கழிப்பறையில் தண்ணீர் விடும்போது குளியலறை ஜாலியில் குமிழி வருகிறதா என்பதையும் பாருங்கள். இரண்டில் ஒன்று நடந்தாலும் மெயின் லைனையே, அதாவது வீட்டின் எல்லாக் கழிவுநீரும் சேர்ந்து வெளியேறும் குழாயையே, ஐயுற வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு குழப்பம் இங்கே உண்டு. தீபாவளி எண்ணெய்க் குளியலும் வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசியில் சேர்ந்து வருகின்றன. நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், பயற்றமாவு எல்லாம் ஒரே நாளில் குழாய்க்குள் இறங்குகின்றன. அதே வாரத்தில் மழையால் உறிஞ்சு குழியும் (கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) நிரம்பி விடுகிறது. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளில் மழை நாட்களில் எல்லாத் துவாரங்களும் சேர்ந்து மெதுவானால், குழி வற்றும்வரை காத்திருப்பதே முறை. குளியலறை மட்டும் மெதுவானால் குற்றம் சீயக்காயின் பக்கம்.

வேண்டிய பொருள்கள்

ரப்பர் கையுறை, பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று, ஒட்டும் டேப், 10 முதல் 15 அடி நீளமுள்ள கைப்பிடி வைத்த அடைப்பெடுக்கும் ஸ்பிரிங், வாய் அகன்ற ரப்பர் பிளஞ்சர் (துவாரத்தின் மேல் வைத்து அழுத்தி இழுக்கும் கருவி), இரண்டு வாளிகள். திருநெல்வேலி ஜங்ஷனிலோ டவுனிலோ ஹார்டுவேர் கடைகளில் இவை கிடைக்கும். பல் வைத்த பிளாஸ்டிக் பட்டையை நான் பரிந்துரைப்பதில்லை. அது பாதியில் முறிந்து அடைப்போடு சேர்ந்துவிடும். ஸ்போக்ஸ் கம்பியின் ஒரு முனை இயல்பாகவே வளைந்திருப்பதால், தலைமுடியைக் கொளுவி இழுக்க அதைவிடச் சிறந்த கருவி எதையும் நான் பார்த்ததில்லை.

ஜாலியும் கிண்ணமும்

ஜாலியைத் தூக்குங்கள். வெள்ளை சிமெண்டில் ஒட்டியிருந்தால் ஓரத்தைப் பழைய கத்தியால் சுற்றிக் கீறிவிட்டுத் தூக்க வேண்டும். நெம்பினால் ஓடு விரியும். அதன் கீழே கவிழ்த்து வைத்த கிண்ணம் ஒன்று இருந்தால் அதையும் எடுங்கள். பாதி வீடுகளில் வேலை இங்கேயே முடிந்துவிடும், ஏனெனில் தலைமுடி, தேங்காய் நார், துணி துவைத்த நூல் துகள் ஆகியவை கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றித்தான் முதலில் பின்னிக்கொள்கின்றன. கம்பியால் கொளுவி எடுத்துத் தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். மறுபடி துவாரத்துக்குள் தள்ளிவிடாதீர்கள்.

டவுனில் இன்னும் சில பழைய வீடுகளில் குளியலறைத் தண்ணீர் டிராப் எதுவும் இல்லாமல் நேராக வாறுகாலில் (திறந்த சாக்கடையில்) போய் விழுகிறது. அவ்வீட்டார் அடுத்த பகுதியை விட்டுவிடலாம். வாறுகால் பக்கமிருந்து ஒரு மூங்கில் பட்டையை விட்டு இழுத்தாலே போதும்.

வளைவைக் கடப்பது

ஸ்பிரிங் வாங்கியவர்களில் பலர் கைவிடும் இடம் இது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நானி டிராப்புக்குள் தண்ணீர் கீழே இறங்கி, பின்பு மேலே ஏறி, ஒரு விளிம்பைத் தாண்டித்தான் கிடைக்குழாய்க்குச் செல்கிறது. அந்தப் பள்ளத்தில் எப்போதும் நிற்கும் ஏறக்குறைய 2 அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுத்து நிறுத்துகிறது. ஸ்பிரிங்கை உள்ளே விட்டதும் முதலில் அது அந்தப் பள்ளத்தின் அடியில் போய் முட்டும். உடனே அடைப்பு அகப்பட்டது என்று எண்ணி அழுத்தினால், ஸ்பிரிங் உள்ளேயே மடிந்து சுருண்டுகொள்ளும். அதை வெளியே எடுப்பதே தனி வேலையாகிவிடும்.

முட்டுவது வளைவா அடைப்பா என்பதை விரலால் அறிய முடியும். வளைவு என்றால் கெட்டியாக 'டக்' என்று படும். கையைத் தளர்த்தினால் ஸ்பிரிங் பின்னுக்குத் துள்ளும். வெளியே இழுத்தால் முனை சுத்தமாக வரும். அடைப்பு என்றால் மெத்தென்று படும். சுழற்றச் சுழற்றக் கைப்பிடி இறுகும். முனையில் கறுப்பாக ஏதேனும் ஒட்டி வரும்.

வளைவைக் கடக்க, தரைக்கும் கைப்பிடிக்கும் இடையே அரை அடி ஸ்பிரிங் மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக் கைப்பிடியிலுள்ள திருகாணியை இறுக்குங்கள். அதற்கு மேல் வெளியே இருந்தால் நீங்கள் கொடுக்கும் முறுக்கு முழுவதும் வெளியிலேயே வளைந்து வீணாகும். பிறகு மிக மெல்லிய அழுத்தத்துடன் வலஞ்சுழியாகச் சுழற்றுங்கள். முனை தானாக வழியைத் தேடிக்கொண்டு, திடீரென்று இரண்டு மூன்று விரற்கடை உள்ளே வழுக்கிச் செல்லும். அங்கே திருகாணியைத் தளர்த்தி, மேலும் அரை அடி விட்டு, மீண்டும் இறுக்க வேண்டும். தரை மட்டத்தில் ஸ்பிரிங்கின்மேல் டேப் ஒட்டி அடையாளம் இட்டுக்கொண்டால் எவ்வளவு தூரம் சென்றது என்பது தெரியும். ஜாலியிலிருந்து சேம்பர் வரையுள்ள தூரத்தை முன்பே அளந்து வைத்திருந்தால் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் புரியும்.

அடைப்பைத் தொட்டதும் அதைத் தள்ள முயலாதீர்கள். அதே திசையில் நன்றாகச் சுழற்றித் தலைமுடியை முனையில் சுற்றவிட்டு, சுழற்றிக்கொண்டே வெளியே இழுங்கள். எதிர்த்திசையில் சுழற்றினால் சுற்றியது எல்லாம் அவிழ்ந்துவிடும். எவ்வளவு முயன்றும் வளைவு வழிவிடாத டிராப்புகளும் உண்டு. அப்போது சேம்பர் பக்கமிருந்து குளியலறையை நோக்கி ஸ்பிரிங்கை விடுங்கள்.

பிளஞ்சர்

எஞ்சிய சோப்புப் பசைக்கு இது போதும். துவாரத்தின் மேல் 2 அங்குலமாவது தண்ணீர் நிற்கட்டும். கைகழுவும் தொட்டியின் குழாயும் அதே டிராப்பில் சேர்ந்தால் அதன் வாயை ஈரத்துணியால் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் அந்த வழியாக வெளியேறிவிடும். அழுத்துவதைவிட இழுப்பதில்தான் பலன் அதிகம்.

ஆசிட், காஸ்டிக், வெந்நீர்

கடைகளில் பாத்ரூம் ஆசிட் என்று விற்கப்படுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்புக் கறையை அது கரைக்கும். தலைமுடியும் எண்ணெய்ப் பசையும் அதற்கு எளிதில் கரையமாட்டா. மாறாக, ஓடுகளின் இடைவெளியில் உள்ள சிமெண்டையும் மொசைக் தரையையும் அரிக்கும். காஸ்டிக் சோடாத் தூள் தலைமுடியையும் கொழுப்பையும் கரைக்கும் என்பது உண்மை, ஆனால் தண்ணீர் பட்டதும் அது கொதிக்கும் அளவுக்குச் சூடாகிக் கண்ணிலும் தோலிலும் தெறிக்கக்கூடும். ஒன்றை ஊற்றிய இடத்தில் மற்றொன்றை ஒருபோதும் ஊற்றக்கூடாது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். சாளரம் சிறிதாக உள்ள குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகும். ஏற்கெனவே ஏதேனும் ஊற்றியிருந்தால் பிளஞ்சரைத் தொடாதீர்கள். வரும் பிளம்பரிடமும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆப்பச் சோடாவும் வினிகரும் நுரைக்கும். நுரைத்தவுடன் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். கொதிக்கும் நீர் பிவிசி குழாயை இளக்கும். அதைவிட, பயற்றமாவோ கடலைமாவோ தங்கிய குழாயில் வெந்நீர் ஊற்றினால் அது வெந்து கெட்டிப் பசையாகிவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் வேண்டாம்.

மீண்டும் பொருத்துதல்

கிண்ணத்தை மறக்காமல் திரும்ப வையுங்கள். தண்ணீர் வேகமாக இறங்கட்டும் என்று அதைத் தூக்கி எறிந்துவிடும் வீடுகளில், நாற்றமும் கரப்பானும் வந்து சேரக்கூடும். பிறகு பழைய சோதனையையே செய்யுங்கள்: ஒரு வாளியை ஒரே மூச்சில் ஊற்றினால், சேம்பரில் குழாய் வாய் நிறையத் தண்ணீர் வந்து விழ வேண்டும்.

இதைப் படித்தவர்கள் கேட்டதற்காகப் பின்னர் சேர்த்தவை

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், மாதந்தோறும் வெள்ளையான பசை வருவது ஏன் என்று கேட்டிருந்தார். கடினமான போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத பசையாகித் தலைமுடியில் படிகின்றன. தாமிரபரணித் தண்ணீர் வரும் வீடுகளில் இது குறைவு. தாழையூத்து போன்ற சுண்ணாம்புக்கல் நிலங்களில் போர் தண்ணீரைப் பயன்படுத்துவோர், வாரம் ஒருமுறை கிண்ணத்தைத் தூக்கித் தேய்ப்பதைத் தவிர்க்க முடியாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில் சேம்பருக்குள் வண்டல் படிந்திருக்கலாம். ஸ்பிரிங் அதற்கு உதவாது, ஏனெனில் அது வண்டலில் துளைதான் போடும். சேம்பர் வண்டலை முதலில் கரண்டியால் அள்ளி வெளியேற்றிவிட்டு, பிறகு குளியலறைப் பக்கமிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும்.

அடைப்பு செப்டிக் டேங்கிலோ தெருவின் ஆள்நுழைவுக் குழியிலோ இருக்கிறது என்று தெரிந்தால், எவரையும் உள்ளே இறக்காதீர்கள். குழியில் தேங்கும் நச்சு வாயு நொடியில் ஆளை வீழ்த்தும். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும். செப்டிக் டேங்குக்கு உறிஞ்சு வண்டியை அழையுங்கள். தெருக் குழி என்றால் மாநகராட்சியிடம் புகார் கொடுங்கள்.