நரகம் பற்றிக் கேட்பவருக்குப் பதில் சொல்வது எப்படி

முதலில் கேள்வியைப் பிரியுங்கள். "அன்பான கடவுள் நரகத்துக்கு அனுப்புவாரா?" என்பதற்குள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் இருக்கும்: அளவுள்ள பாவத்துக்கு முடிவில்லாத தண்டனை நியாயமா? சுவிசேஷமே கேட்காதவர் கதி என்ன?

இரண்டாவதுக்கு பைபிளில் ரோமர் 2:14-16, லூக்கா 12:47-48 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். அறிந்ததற்கு ஏற்பவே கணக்கு என்று அவை சொல்கின்றன.

முதலாவதுதான் கடினம். தீங்கிழைக்கப்பட்டவரின் மேன்மையே குற்றத்தின் எடையைத் தீர்மானிக்கிறது, கடவுளோ எல்லையற்றவர் என்பது 11ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஆன்செல்ம் வழி வந்த பதில். இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். "அரசனை அடித்தால் ஒரு தண்டனை, ஏழையை அடித்தால் வேறா?" என்று உடனே மடக்குவார்கள். நரகத்திலும் மனம் திரும்பாமை தொடர்கிறது, அதனால் தண்டனையும் தொடர்கிறது என்ற வாதம் இதைவிட உறுதியானது. ஆனால் அதற்கு நேரடி வசன ஆதாரம் குறைவு என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்தவர்களுக்குள்ளேயே மூன்று நிலைப்பாடுகள் உண்டு. நித்திய வேதனைக்கு மத்தேயு 25:46, முற்றான அழிவுக்கு மத்தேயு 10:28, இறுதியில் எல்லோரும் ஒப்புரவாவதற்கு கொலோசெயர் 1:20. எதை ஏற்கிறீர்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால், நீங்கள் நம்பாத ஒன்றுக்காக வாதாட நேரும். எண்ணெய்க் கொப்பரைப் படங்களை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்; அவை வேதத்தில் இல்லை.