புதியவரின் கேள்வியைக் கையாளும்போது செய்யக் கூடாதவை

நிரலாக்க உதவித் தளங்களில் பதில் சொல்கிறவர்களுக்கு ஓயாத இழுபறி ஒன்று உண்டு. கண்டிப்பாக இருந்தால் புதியவர் வந்த வழியே போய்விடுகிறார். விட்டுப்பிடித்தால் அரைகுறைக் கேள்விகள் குவிந்து, விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் தராசின் இரு தட்டுகளாக நினைப்பதிலேயே கோளாறு தொடங்குகிறது. கேள்வியில் எது குறை என்று சொல்லாமல் காட்டுகிற கண்டிப்புதான் பெரும்பாலும் புதியவரை விரட்டுகிறது.

பைத்தான் என்ற நிரல்மொழி பற்றிய ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். “பைத்தான்ல தமிழ் ஃபைல் படிச்சா எரர் வருது, உதவுங்க.” அவ்வளவுதான். கீழே கைப்பேசியில் எடுத்த, கணினித் திரையின் மங்கலான போட்டோ.

இதற்கு வழக்கமாக வரும் பதில்கள்: “முதலில் கூகுளில் தேடுங்கள்”, “முழு விவரம் தரவும்”, “கேள்வி தெளிவாக இல்லை”. மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றையும் படித்த பிறகும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. தேடச் சொல்வது இன்னும் வீண். இந்தச் சிக்கலின் பெயர் ‘என்கோடிங்’ (எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை) என்று தெரிந்தவர்தான் அதைத் தேட முடியும். அந்தப் பெயர் தெரியாததால்தானே அவர் கேட்கவே வந்தார்?

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “போட்டோவுக்குப் பதிலா எரரின் கடைசி வரியை அப்படியே காப்பி செய்து போடுங்க. ஃபைலைத் திறக்கிற அந்த ஒரு நிரல் வரியும் வேணும். விண்டோஸா, லினக்ஸா?” கேட்டது மூன்றே விஷயம். இரண்டு நிமிடத்தில் அவரால் தர முடியும். போட்டோவை ஏன் மறுக்கிறோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அதைத் தேட முடியாது, காப்பி செய்ய முடியாது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது.

அந்தக் கடைசி வரி ஏன் அவ்வளவு முக்கியம்? ஃபைலில் ‘படம்’ என்ற ஒரே சொல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யுடிஎஃப்-8 என்ற என்கோடிங் முறையில் ப, ட, ம, புள்ளி என்ற நான்கும் தலா 3 பைட் (கணினி சேமிக்கும் சிற்றலகு). புள்ளியின் மூன்றாவது பைட்டின் மதிப்பு, பதினாறடிமான எண்முறையில், 8டி. விண்டோஸ் கணினிகள் பலவற்றில் பைத்தான் தானாக எடுத்துக்கொள்ளும் 1252 என்ற பழைய எழுத்து அட்டவணையில் 8டி-க்கு எழுத்தே கிடையாது. அதனால் ‘சார்மேப்’ என்ற சொல்லோடு எரர் வருகிறது, இடம் 11 என்று சுட்டுகிறது. எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால் 11 என்பது பன்னிரண்டாவது பைட், அதாவது புள்ளி. ஃபைலைத் திறக்கும் வரியில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று சேர்த்தால் வேலை முடிந்தது. அதே ஃபைலில் ‘படி’ என்று மட்டும் இருந்தால் எரரே வராது, எழுத்துகள் குப்பையாகத் தெரியும். நோய் ஒன்று, அறிகுறி இரண்டு. எரர் வரி கையில் இல்லாவிட்டால் பதில் சொல்பவரும் இருட்டில்தான் துழாவ வேண்டும்.

துழாவினால் என்ன நடக்கும்? யாரோ ஒருவர் நல்ல மனதோடு “எரரை இக்னோர் பண்ணச் சொல்லி ஒரு வார்த்தை சேருங்க” என்பார். எரர் போய்விடும், கேட்டவர் நன்றியும் சொல்லிவிடுவார். ஆனால் படிக்க முடியாத பைட் சத்தமில்லாமல் கழிந்து, மீதி குப்பையாக உள்ளே போயிருக்கும். அந்தத் தரவை யாராவது திறந்து பார்க்கும் நாளில்தான் சேதம் தெரியும். தரம் கேட்பது புதியவர் மேல் சுமை ஏற்றுவது என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அரைகுறைக் கேள்விக்குக் கிடைக்கும் அரைகுறைப் பதிலால் முதலில் பாதிக்கப்படுவது கேட்டவர்தான்.

எதிர்ப்பக்கத் தவறு, பரிவின் பெயரால் செய்யப்படுவது. கேள்விக்குக் கீழே இடும் பின்னூட்டத்திலேயே தீர்வைச் சொல்லிவிட்டுக் கேள்வியை அப்படியே விட்டுவிடுவது. அவருக்கு வேலை முடிந்தது. அடுத்து அதே எரரோடு வருபவருக்கு “உதவுங்க” என்ற தலைப்பு கண்ணில் படவே படாது, அவரும் புதிதாகக் கேட்பார். தீர்வைப் பதிலாக எழுதுங்கள். தலைப்பை “விண்டோஸில் பைத்தான் தமிழ் ஃபைலைத் திறக்கும்போது சார்மேப் எரர்” என்று நீங்களே மாற்றுங்கள். திருத்தும்போது ஓர் எச்சரிக்கை: கேள்வியில் உள்ள நிரலைத் தொடாதீர்கள். பைத்தானில் வரித் தொடக்கத்து இடைவெளிக்கும் பொருள் உண்டு. அழகுக்காக அதைச் சீராக்கினால், சில சமயம் அவர் தேடிக்கொண்டிருந்த பிழையையே அழித்துவிடுவீர்கள். பிறகு கேள்விக்கே அர்த்தமிருக்காது. இடைவெளி கோணலாக இருந்தால், “உங்க ஃபைல்லயும் இப்படித்தானா?” என்று முதலில் கேளுங்கள்.

புதியவரின் நடத்தையைத் திமிர் என்று படிப்பது இன்னொரு தவறு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாக்கக் கேள்வி-பதில் தளத்தில் கணக்குத் தொடங்கும்போது கிடைப்பது 1 நன்மதிப்புப் புள்ளி. பிறர் பதிவில் பின்னூட்டம் இட 50 புள்ளி வேண்டும். ஆனால் பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் எழுத அந்தத் தடை இல்லை. அதனால்தான் “எனக்கும் இதே பிரச்சினை, தீர்வு கிடைச்சுதா?” என்பதைப் பதில் பெட்டியில் போடுகிறார்கள். திறந்திருந்த ஒரே கதவு அது. நீக்குங்கள், நீக்கத்தான் வேண்டும். கூடவே காரணத்தையும், தனிக் கேள்வியாகக் கேட்கும் வழியையும் சொல்லுங்கள். எதிர்வாக்கும், அதாவது பதிவு பயனற்றது என்று போடும் மைனஸ் வாக்கும், அப்படித்தான். ஓர் எதிர்வாக்கு 2 புள்ளியைக் குறைக்கும், ஆனால் மொத்தம் 1-க்குக் கீழே இறங்காது. புதியவர் கணக்கில் இழப்பு ஏதுமில்லை. அவரை உறுத்துவது எல்லோர் கண்ணிலும் படுகிற மைனஸ் எண்தான். ஒரு எதிர்வாக்கு விழுந்துவிட்டால் அதன் மேல் நான்கைந்து குவிப்பதால் தரம் கூடப்போவதில்லை.

கேள்வியை மூடுவதை, அதாவது புதிய பதில்களை ஏற்காமல் நிறுத்திவைப்பதை, தண்டனை போலப் பயன்படுத்துவது எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்வது. மூடுவதன் நோக்கம், கேள்வி சீராகும் வரை ஊகப் பதில்கள் விழாமல் தடுப்பது. அதனால் சீக்கிரம் மூடுவது நல்லதுதான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் மூட முன்பு 5 வாக்கு வேண்டியிருந்தது, 2019-இல் அது 3 ஆனது. வேகம் கூடியபோது விளக்கத்தின் அவசியமும் கூடியது. ‘ஏற்கெனவே கேட்கப்பட்டது’ என்று மூடினால், பழைய கேள்வியின் இணைப்பு மட்டும் போதாது. “அங்கே இரண்டாவது பதிலைப் பாருங்க, அவர் சிஎஸ்வி ஃபைலுக்குச் சொன்னதுதான் உங்க டெக்ஸ்ட் ஃபைலுக்கும்” என்று எழுதுங்கள். அந்தத் தொடர்பு உங்களுக்குப் பளிச்சென்று தெரியும், அவருக்குத் தெரியாது.

தலைமையே இந்த இழுபறியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதும் உண்டு. 2018 ஏப்ரலில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனம், தன் தளம் புதியவர்களுக்கு இணக்கமாக இல்லை என்று எழுதியது. அதே ஆண்டில் புதிய நடத்தை விதிகளும், ‘புதிய பங்களிப்பாளர்’ என்ற அடையாளமும் வந்தன. அடையாளம் மட்டும் இருந்து பயனில்லை. “வருக வருக” என்று ஒரே வாசகத்தை எல்லோருக்கும் ஒட்டிவிட்டு அடுத்த நொடி கேள்வியை மூடினால், அந்த வரவேற்பு காயத்தில் உப்பு. 2024-இல் வந்த ‘ஸ்டேஜிங் கிரவுண்ட்’ ஏற்பாடுதான் சரியான திசை என்பது எங்கள் கருத்து. புதியவரின் கேள்வி பொதுவில் வரும் முன்பே அனுபவமுள்ளவர்கள் பார்த்துத் திருத்தச் சொல்கிறார்கள். மைனஸ் விழும் முன்பே சீராகிவிடுகிறது.

தமிழ்க் குழுக்களில் இன்னும் இரண்டு தவறுகள் உண்டு. தங்கிலீஷில் எழுதியதற்காக ஒருவரைக் கண்டிப்பது. அவர் கணினியில் தமிழ் விசைப்பலகை இல்லாமல் இருக்கலாம். தமிழில் மாற்றி எழுதி, நிறுவும் வழியையும் கொடுத்தால் அடுத்த கேள்வி தமிழிலேயே வரும். மற்றது, முகம் தெரியாதவரை எடுத்த எடுப்பில் “தம்பி, நீ முதல்ல பேசிக்ஸ் படி” என்பது. எதிரில் இருப்பவர் ஐம்பது வயது ஆசிரியையாகவும் இருக்கலாம். ‘நீங்க’ என்று தொடங்குவதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

மூடிய பிறகு மறந்துவிடுவதும் தவறுதான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நகல் (ஏற்கெனவே கேட்கப்பட்டது) அல்லாத வேறு காரணத்துக்காக மூடப்பட்டு, பதிலோ ஆதரவு வாக்கோ இல்லாமல் கிடக்கும் கேள்வி, திருத்தம் ஏதும் இல்லாவிட்டால் 9 நாளில் தானாக நீங்கிவிடும். நீங்கள் மூடியதைக் குறித்துவைத்துக்கொண்டு இரண்டாம் நாள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். எரர் வரியைச் சேர்த்திருந்தால் திறக்க வாக்களியுங்கள். பழைய எதிர்வாக்கையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு திருத்தப்பட்டிருந்தால் தளம் அதை அனுமதிக்கிறது.